மோட்டார் இறக்குதல்

தண்ணீருக்குள் ஒரு பொருளை விடுவதற்கும், தண்ணீர் வந்து ஒரு பொருளை மூடுவதற்கும் ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. டிப், டங்க், சிங்க், பிளஞ்ச், டிரவுன், இம்மர்ஸ், சப்மெர்ஜ், இனன்டேட் என்று வரிசை நீளும். கப்பலேறிப் பிழைத்த மக்கள் கடலுக்குக் கொடுத்ததையும் கடலிலிருந்து மீட்டதையும் தனித்தனியாகப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். கடலைப் பார்க்காமலே வாழ்ந்து முடித்தவர்கள் நிறைந்த சாமல்பட்டிக்கு அந்த வரிசையிலிருந்து ஒன்று மட்டும் வந்து வீடுவீடாகக் குடியேறிவிட்டது. சப்மெர்சிபிள். வாய்க்கு ஏற்றபடி சம்மர்சிபிள் என்பார்கள், சப்மர்சி என்பார்கள். பள்ளிக்கூடம் போகாத பாட்டிகூட, “சப்மர்சி காயில் போய்டிச்சி, எட்டு நாளா தண்ணி இல்ல” என்று சொல்வார். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானிய அறிவிப்பில் ‘நீர்மூழ்கி மோட்டார்’ என்று அச்சாகியிருக்கும். அந்தப் பெயரை அறிவிப்புக்கு வெளியே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இந்தச் சொல் எங்கள் பகுதிக்கு வந்து சேர்ந்த வழியில் ஓர் ஊர் தன் தண்ணீரை எப்படிக் கைநழுவவிட்டது என்ற கதை இருக்கிறது. அதைத்தான் சொல்ல நினைக்கிறேன்.

சாமல்பட்டி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையை ஒட்டியிருக்கிறது. ஜோலார்பேட்டையிலிருந்து சேலம் போகும் ரயில் பாதையில் காகங்கரை தாண்டி வரும் நிலையம். சுற்றிலும் மானாவாரி நிலம்: நிலக்கடலை, கேழ்வரகு, கொள்ளு, புளியமரம், மாந்தோப்பு. ஆறு என்று சொல்லிக்கொள்ளப் பாம்பாறு உண்டு. மழை பெய்தால் அது ஆறு, மற்ற நாட்களில் மணல். ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் எண்ணூறு மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அடியில் கருங்கல். மண்ணுக்குக் கீழே சில பத்தடிகள் சிதைந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் தங்குவதற்கு விரிசலை விட்டால் வேறு இடமில்லை. இப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் மனிதரைத் தேடி வராது. மனிதர்தான் அதைத் தேடிக் கீழே இறங்க வேண்டும்.

இறங்கத்தான் இறங்கினார்கள். சிதைந்த பாறை முடியும் மட்டும் வெட்டிய கிணறுகள் நாற்பதடி, அறுபதடி இருந்தன. சுவரிலிருந்து கைநீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள் வழியே தண்ணீர் வரைக்கும் போகலாம். கவலை இறைத்த காலத்தில் மாடுகள் வாரியில் பின்வாங்கி மேலேற, சால் கிணற்றுக்குள் இறங்கும். அது தண்ணீரைத் தொட்டதும் ஒரு பக்கமாகச் சாயும், முழுகும், நிறையும். ஓட்டுகிறவர் எட்டிப் பார்ப்பதில்லை. வடக்கயிறு கனக்கும் விதத்திலேயே சால் நிறைந்துவிட்டது தெரியும். பிறகு மாடுகளை முன்னால் ஓட்டி, தானும் வடத்தின்மேல் உட்கார்ந்து வாரியில் இறங்குவார். நேற்றைக்கும் இன்றைக்கும் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தால் மாடு பின்வாங்க வேண்டிய தூரம் அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கிணற்றின் ஆழம் அவர் கையிலும் மாட்டின் காலிலும் இருந்தது. காகிதத்தில் எழுதி வைக்கத் தேவை வரவில்லை.

பிள்ளைகள் நீச்சல் பழகியதும் அதே கிணற்றில்தான். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, பிற்காலத்தில் லாரி டியூபை மாட்டி, மாமனோ சித்தப்பனோ மேல்படியிலிருந்து தூக்கிப் போட்டுவிடுவார். ஒரு வாரம் மூக்கிலும் காதிலும் தண்ணீர் போகும். அதற்கடுத்த வாரம் குடுக்கை வேண்டியிருக்காது. அப்புறம் முங்குநீச்சல் ஆரம்பிக்கும். தலைக்குமேல் நாலாள் ஆழத் தண்ணீர் இருக்க, அடியில் போய் ஒரு கைப்பிடி சேறு எடுத்துவந்து காட்டினால்தான் ‘அடி தொட்டவன்’ என்று ஒத்துக்கொள்வார்கள். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் ஆளுயரம் போனதும் சில்லென்று மாறுவதும், காது அடைத்து வலிப்பதும், கீழே கண் திறந்தால் பச்சை இருட்டாகத் தெரிவதும் பத்து வயதிலேயே பழகிவிடும். குடம் கயிறறுந்து விழுந்தால் பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வருவார்கள். ஒரு வளையத்தில் பத்துப் பதினைந்து கொக்கிகள் தொங்கும் இரும்புச் சாமான் அது. ஊருக்கு ஒரு வீட்டிலோ இரண்டு வீட்டிலோதான் இருக்கும். கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கி, அடிச்சேற்றில் மெல்ல இழுத்து, கொக்கியில் ஏதோ மாட்டியதை விரல் நுனியில் உணர்ந்து தூக்க வேண்டும். அது கைகூடாவிட்டால் யாராவது மூச்சடக்கி உள்ளே போய் எடுத்துவருவார். அப்படிப் போகக் கூடியவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள்.

பிறகு ஆயில் இன்ஜினும் கரண்டு மோட்டாரும் வந்தன. கிணற்றுமேட்டில் வைத்த பம்பு தண்ணீரை உறிஞ்சுவதாக நாம் சொல்கிறோம். உண்மையில் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுவது வெளியே இருக்கும் காற்றின் எடை. அந்த எடையால் 34 அடிக்கு மேல் தண்ணீரை ஏற்ற முடியாது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் டோரிசெல்லி காற்றின் எடையை அளந்து இதற்குக் காரணம் காட்டினார். நடைமுறையில் 25 அடி ஏறினாலே பெரிய காரியம். ஆகவே தண்ணீர் கீழே போகப்போக மோட்டாரும் பின்னாலேயே போனது. கிணற்றுச் சுவரில் திட்டுக் கட்டி அதன்மேல் வைத்தார்கள். அடுத்த கோடையில் இன்னும் பத்தடி கீழே இன்னொரு திட்டு. அதற்கும் கீழே இரும்பு கர்டர் போட்டார்கள்.

அந்த மோட்டார்களுக்குத் தண்ணீர் பட்டால் ஆகாது. ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்து கிணறு ஏறினால், ராத்திரியில் டார்ச் லைட்டோடு ஓடுவார்கள். “மோட்டார் முழுகுது, எல்லாரும் வாங்கப்பா” என்று கூப்பிடும் குரல் காட்டுக்குக் காடு கேட்கும். ஏழெட்டுப் பேர் வடம் கட்டி மோட்டாரை மேல்திட்டுக்கு இழுத்துப் போடுவார்கள். வருஷமெல்லாம் வேண்டிக்கொண்ட தண்ணீர் வந்து சேர்ந்த ராத்திரியில், அந்தத் தண்ணீரிடமிருந்தே மோட்டாரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

இந்தத் தொல்லைக்குத் தீர்வு எண்ணெய்க் கிணறுகளிலிருந்து வந்தது. 1893இல் திப்லிஸ் நகரில் பிறந்த ஆர்மேனியப் பொறியாளர் அர்மாய்ஸ் அருத்யூனோவ், மோட்டாரையே குழாய்க்குள் அடங்கும்படி ஒல்லியாகச் செய்து, பம்போடு சேர்த்து அடியில் இறக்கிவிடலாம் என்று யோசித்தார். மேலேயிருந்து உறிஞ்ச வேண்டாம், கீழேயிருந்து தள்ளிவிடலாம். தள்ளுவதற்கு 34 அடிக் கணக்குக் கிடையாது. ருஷ்யாவை விட்டு ஜெர்மனி போய், 1923இல் அமெரிக்கா சேர்ந்து, ஓக்லஹோமா மாநிலத்தின் பார்ட்டில்ஸ்வில் ஊரில் ‘ரேடா’ என்ற கம்பெனியை நிறுவினார். கச்சா எண்ணெய் எடுக்கச் செய்த பொறி பிற்பாடு தண்ணீர் எடுக்கவும் பரவியது. நம் நாட்டில் இதற்கு நிலம் தயாராக இருந்தது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் உள்நாட்டு மோட்டாரைச் செய்து காட்டியிருந்தார்கள். நாட்டின் பம்புகளில் ஏறத்தாழப் பாதியைச் செய்யும் ஊராகக் கோவை வளர்ந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் காஷ்மீர் வரைக்கும் போய் துளை போடக் கற்றுக்கொண்டன. தமிழ்நாட்டில் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990ஐ ஒட்டி எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. மோட்டார், துளை, மின்சாரம் மூன்றும் ஒன்றுசேர்ந்தபின் ஆழத்துக்குப் போவதைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

இலவச மின்சாரத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. காவிரிப் பாசனக்காரருக்குத் தண்ணீர் வாய்க்காலில் வருகிறது. சாமல்பட்டி மானாவாரிக்காரர் தன் தண்ணீரை முந்நூறு அடி தூக்க வேண்டும். தூக்குகிற கூலியை அரசு ஏற்றது நியாயமான காரியம். எவ்வளவு தூக்கலாம் என்று கேட்க யாரும் இல்லாமல் போனதுதான் தவறு.

போர் போடும் நாளைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. முதல்நாள் பாயிண்ட் பார்ப்பவர் தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்து நடப்பார், தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் கல் வைத்துவிட்டுப் போவார். ராத்திரி ரிக் வண்டியும் கம்ப்ரசர் லாரியும் வரும். மண் இருக்கும் வரை கேசிங் பைப்பு இறங்கும். கீழே பாறை வந்ததும் சுத்தியல் இடிக்க ஆரம்பிக்க, துளையிலிருந்து வெள்ளைப் புகையாகக் கல்மாவு கிளம்பி மாமரங்களில் படியும். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து ஏறும் அடியைக் கணக்குப் பார்ப்பார். அடிக்கு இவ்வளவு என்று பணம், கீழே போகப்போக அடிக்கூலியும் ஏறும். நானூறு, அறுநூறு, எண்ணூறு. “கேப் வந்தா தண்ணி வந்துடும்ணா” என்பார் ரிக் பையன். கேப் என்றால் பாறையின் விரிசல். புகை நின்று கல்மாவு ஈரமாகச் சிதறினால் வீட்டுப் பெண்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். ஆயிரம் அடி தாண்டியும் புகையே வந்துகொண்டிருந்தால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. கட்டிலில் இருப்பவர் அடகு வைத்த நகையை நினைத்துக்கொண்டிருப்பார்.

தண்ணீர் கிடைத்த துளையில்தான் சப்மெர்சிபிள் இறங்குகிறது. ஆளுயரத்துக்கு நீண்ட எஃகு உருளை. கீழ்ப்பாதி மோட்டார், மேல்பாதி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பம்புச் சக்கரங்கள். இரண்டுக்கும் நடுவில் சல்லடை, தண்ணீர் உள்ளே போகும் வழி. நம் பக்கம் பெரும்பாலும் புழங்கும் வகையில் மோட்டாருக்குள்ளேயே தண்ணீர் நிரப்பித்தான் இறக்குவார்கள். சுற்றியிருக்கும் செம்புக் கம்பி தண்ணீர் புகாத உறை போட்டது. முக்காலி நட்டு, சங்கிலி பிளாக்கில் மாட்டி, கருப்பு ஓசுப் பைப்போடு கேபிளைச் சேர்த்து ஆறடிக்கு ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டே விடுவார்கள். பைப்பில் சாக்பீஸால் அடி குறித்திருக்கும். கேபிள் எங்காவது துளையின் விளிம்பில் உரசித் தோல் கிழிந்தால் அத்தனை வேலையும் வீண். அதனால் ஒருவர் கேபிளை மட்டும் கையில் ஏந்திப் பிடித்தபடி குனிந்தே நிற்பார், வேறு எதிலும் கை வைக்க மாட்டார். பைப்பு முடிந்ததும் மேலே கிளாம்ப் போட்டு இறுக்குவார்கள். ஸ்டார்ட்டரை அழுத்தினால் முதலில் காற்று சீறும். பிறகு சாம்பல் நிறத்தில் கல்மாவுத் தண்ணீர். அது தெளிய ஒரு மணி நேரமோ ஒரு நாளோ ஆகும்.

இந்த மோட்டாரின் குணம் பழைய மோட்டாருக்கு நேர் எதிரானது. தண்ணீருக்குள் இருக்கும் வரைதான் இதற்கு உயிர். ஓடும்போது உண்டாகும் சூட்டைத் தன்னைச் சுற்றி நகரும் தண்ணீருக்குக் கொடுத்துத்தான் அது பிழைக்கிறது. துளையில் நீர்மட்டம் இறங்கிச் சல்லடை காற்றில் தெரிந்தால் சில நிமிஷங்களில் சூடேறிக் காயில் உருகிவிடும். பங்குனி தொடங்கி ஊத்தங்கரைப் பக்கத்து ரீவைண்டிங் கடைகளில் இடம் இருக்காது. வாசலில் எஃகு உருளைகள் சேறு காய்ந்து சாத்திக் கிடக்கும். ஒரு கடையில் இளைஞர் ஒருவர் கருகிய கம்பியைக் கொத்தாக உருவிப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டாருக்குச் சொந்தக்காரர், வயதானவர், துண்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

“பெரியப்பா, எத்தன அடியில விட்டிருந்தீங்க?”

“எழுநூத்தி இருபதுப்பா.”

“தண்ணி எத்தன அடியில நிக்குது?”

“அது யாருக்குத் தெரியும்?”

அந்தப் பதிலை அவர் எந்த வருத்தமும் இல்லாமல் சொன்னார். அது தெரிந்திருக்க வேண்டிய ஒன்று என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவருடைய அப்பா கவலை ஓட்டியவராக இருந்திருப்பார். அந்த மனிதரிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் முழக்கணக்கில் விடை வந்திருக்கும். நடுவில் போனது ஒரே தலைமுறை. போரில் எட்டிப் பார்த்தால் இருட்டுதான். ஆறரை அங்குலத் துளைக்குள் எந்த மனிதரும் இறங்கியதில்லை, இறங்கவும் முடியாது. தண்ணீருக்குள் போகும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்தபோது தண்ணீரைப் பற்றிய அறிவையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம். மோட்டார் கருகும்போதுதான் நமக்குச் செய்தி வருகிறது.

மனிதர் இறங்க முடியாது என்று சொன்னேன். குழந்தைகள் விழுந்திருக்கிறார்கள். 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்து நடுக்காட்டுப்பட்டியில் மூடாத துளைக்குள் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான்கு நாள் நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. கைவிட்ட துளைகளை மண்ணும் கல்லும் போட்டு மேல்மட்டம் வரை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010லேயே நெறிமுறை வகுத்திருந்தது. தண்ணீர் வராத போருக்குப் பணம் கொடுத்து முடித்தவர் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க மாட்டார், அந்த மனநிலை புரிகிறது. புரிகிறது என்பதற்காக ஒரு சாக்குப்பையைச் சுற்றிவிட்டுப் போவதை ஒப்புக்கொள்ள முடியாது.

திறந்த கிணறுகளின் கதியும் இதோடு சேர்ந்ததுதான். பக்கத்துப் போர்கள் ஆழத்தில் இழுக்க இழுக்க மேல்மட்டத் தண்ணீர் வற்றியது. வற்றிய கிணற்றில் முதலில் சீமைக்கருவேல முள், பிறகு செத்த கோழி, பிறகு பிளாஸ்டிக் என்று விழுந்து இன்றைக்குப் பாதிக் கிணறுகள் குப்பைக் குழிகள். நீச்சல் கற்றுக்கொடுத்த இடம் போய்விட்டது. இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் என்றால் குழாய், பிளாஸ்டிக் டேங்கு, கேன். அவர்கள் ஆழத் தண்ணீரை முதன்முதலாகச் சந்திப்பது விடுமுறை நாளில், ஏரியில் மண் அள்ளிய பள்ளத்திலோ கைவிட்ட கல்குவாரிக் குட்டையிலோதான். கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம், குவாரிக் குழிகளுக்குக் குறைவில்லை. குவாரியின் சுவர் செங்குத்து, பிடிக்கப் படிக்கல் கிடையாது, கரையிலிருந்து ஓரடி வைத்தால் ஐம்பதடி. பள்ளி விடுமுறைக் காலத்தில் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து மூழ்கிப்போன செய்தி வராத வருஷமில்லை. முதலில் ஒருவன் தவறுகிறான், அவனைப் பிடிக்க அடுத்தவன் இறங்குகிறான், இருவருக்கும் நீச்சல் தெரியாது. நாடு முழுக்க ஆண்டுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். சாலை விபத்தைப் போல இதைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசுவதில்லை. நீச்சல் என்பது வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கோடையில் பணம் கட்டிப் பழகும் விளையாட்டாகிவிட்டது. வறண்ட ஊரின் ஏழைப்பிள்ளைக்கு முப்பது வருஷம் முன்னால் அது இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் இளைஞர்கள் பர்கூர், போச்சம்பள்ளி, ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வண்டிப் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை. மேலே ஓடும் சங்கிலியில் இரும்புச் சட்டங்கள் தொங்கிவரும், வரிசையாக இருக்கும் தொட்டிகளில் ஒவ்வொன்றாக முங்கி எழும்: எண்ணெய்ப் பிசுக்குப் போக ஒன்று, அலச ஒன்று, பாஸ்பேட் பூச ஒன்று, மறுபடி அலச, கடைசியில் மின்சாரம் பாயும் பெயிண்டுத் தொட்டி. தண்ணீரில் கலந்த பெயிண்ட் மின்சாரத்தால் இழுபட்டு மூலைமுடுக்கெல்லாம் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சட்டம் எத்தனை விநாடி முங்கியிருக்க வேண்டும், எந்தச் சாய்வில் இறங்கினால் காற்றுக் குமிழ் அடைபடாது, வெளியே வரும்போது தண்ணீர் வடிய எங்கே துளை வைக்க வேண்டும் என்றெல்லாம் அவர் விளக்கியபோது நான் அசந்துபோய்க் கேட்டேன். அத்தனை நுட்பம். “உனக்கு நீச்சல் தெரியுமாப்பா?” என்றேன். “இல்லண்ணா. எங்க காட்டுக் கிணத்துல தண்ணியே நான் பாத்ததில்ல” என்றார்.

இந்த நிலையில் இருந்த ஊர்மேல்தான் 2024 டிசம்பர் முதல் தேதி ராத்திரி அந்த மழை இறங்கியது. நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய ஃபெஞ்சல் புயல் வேகமாகக் கடந்துபோகாமல் தயங்கி நின்று, வலுவிழந்து, மெல்ல மேற்கே நகர்ந்தது. டிசம்பர் 2 காலை எட்டரை மணிக்கு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஒரே ராத்திரியில். ஏரிகள் நிரம்பி உடைத்துக்கொண்டு வந்தன. பேருந்து நிலையத்தை ஒட்டிச் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் போன காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்தது. தண்ணீர் இப்படி வரும் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. “ஊரே முழுகிடிச்சி” என்று தொலைபேசியில் கதறியவர்களில் பலர், அதற்கு முந்தைய வெயில் காலத்தில் ஆயிரம் அடி போட்டும் புகை வந்த வீட்டுக்காரர்கள்.

அந்தத் தண்ணீர் என்ன ஆனது என்பதை யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். பாறை நிலத்தில் பெய்யும் மழையில் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டித்தான் நிலத்தடிக்குப் போகும். அதுவும் நின்று நிதானமாகப் பெய்தால். ஒரே ராத்திரியில் கொட்டினால் அதுவும் குறையும். ஏரிக்குள் தங்கியது கொஞ்சம். மற்றதெல்லாம் பாம்பாற்றில் ஓடித் தென்பெண்ணையில் கலந்து சாத்தனூர் அணைக்குப் போயிற்று. அணை தாங்காமல் டிசம்பர் 2 விடிவதற்குள் நொடிக்கு ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கன அடி திறந்துவிட்டார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றங்கரை ஊர்கள் தூக்கத்தில் நீருக்குள் போயின. அங்கே வீட்டுக்குள் புகுந்ததில் ஊத்தங்கரைத் தண்ணீரும் இருந்தது. இங்கே பிடித்துவைக்கத் தெரியாமல் போனதை அவர்கள் தாங்கினார்கள். எங்கள் ஏரிகளின் வரத்துக் கால்வாய்கள் அடைபட்டதும், கலங்கல்கள் சிதைந்ததும், ஏரியின் வயிற்றில் கட்டடம் எழுந்ததும் எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று இனிமேல் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் மனிதர் திட்டமிட்டு மூழ்கடித்த நிலங்களும் உண்டு. 1934இல் மேட்டூர் அணை நிரம்பியபோது காவிரிக் கரையில் பல ஊர்கள் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தெரியும். குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நந்தி தெரிந்தால் இந்த வருஷம் டெல்டாவுக்குத் தண்ணீர் சந்தேகம் என்று அங்கே இருக்கிற எவரும் சொல்லிவிடுவார். முழுகிய ஊரின் கல்லே அளவுகோலாகிவிட்டது. சாமல்பட்டிப் பாறைக்குள் நாம் இறக்கிவிட்ட நீர்மட்டத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. அங்கே வெளியே தெரிய ஒரு நந்தி இல்லை.

அடையாளத்தை உண்டாக்க முடியாது என்பதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திரத்தின் சித்தூர், அனந்தபூர் முதலான வறண்ட மாவட்டங்களில் 2000களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு ஒரு திட்டம் நடந்தது. பாறையும் மழையும் ஏறத்தாழ நம்முடையவை போலத்தான். அங்கே விவசாயிகளே மழைமானி வைத்து நாள்தோறும் மழையை அளந்தார்கள். தேர்ந்தெடுத்த போர்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டம் பார்த்தார்கள். ஐப்பசி மழை முடிந்ததும் ஊர்கூடி, கீழே இருப்பு இவ்வளவு, நெல் வைத்தால் இவ்வளவு குடிக்கும், கடலை வைத்தால் இவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். இதைத்தான் பயிரிட வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்குக் கண்முன்னால் இருந்தபோது பல ஊர்களில் பயிரைத் தாங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் இன்னும் ஒருபடி மேலே போய், பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அங்கே இப்போதும் திறந்த கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது.

சாமல்பட்டிக்கு நான் கேட்பது அதைவிடச் சிறியது. ஏரிக்குக் கீழ்ப்புறம் இருக்கும் கிணறுகளில் ஊர்ப்பொதுவான ஒன்றைத் தூர்வாரி, படிக்கற்களைச் சரிசெய்து, சுற்றிலும் கம்பி போட்டு, தை மாசியில் தண்ணீர் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கலாம். பழக்கத் தெரிந்தவர்கள் அறுபது வயதில் இன்னும் திடமாக இருக்கிறார்கள். இன்னும் பத்து வருஷம் போனால் அவர்களும் இருக்க மாட்டார்கள். ஊரில் நாலு திசைக்கு நாலு போரைத் தேர்ந்து, மோட்டார் இறக்கும்போதே கேபிளோடு சேர்த்து ஒரு மெல்லிய குழாயையும் விட்டுவைத்தால், நூலில் எடை கட்டி மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்துவிடலாம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே அளப்பார்கள். எழுதிவைக்க ரேஷன் கடைச் சுவர் போதும், ஊரில் எல்லோரும் மாதம் ஒருமுறையாவது நிற்கும் இடம் அதுதான். போர்க்காரரின் பெயர் வேண்டாம், திசையும் தேதியும் அடியும் எழுதினால் போதும். அடுத்த பங்குனியில் இன்னொரு துளை போடலாமா என்று யோசிப்பவர், ரிக் வண்டிக்காரருக்குப் போன் செய்வதற்கு முன்னால் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கட்டும்.